ஐஸ் தண்ணீரில் உபசாரம்

நனைந்த மரத்தூளுக்கென்று ஒரு வாசனை உண்டு. அறுத்த மரமும் ஈரக் கோணியும், அவற்றுக்கடியில் வெண்புகை விட்டுக்கொண்டு கிடக்கும் ஐஸ் கட்டியும் சேர்ந்த வாசனை. குளிருக்கே ஒரு மணம் இருந்தால் இதுதான் என்று மூக்கு நம்பிவிடும். போன மாதம் தியாகராய நகரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். சத்திரத்தின் பக்கவாட்டுச் சந்தில் கைவண்டியிலிருந்து ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கால் நகரவில்லை. முன்னால் போய்விட்ட என் மனைவி திரும்பி வந்து, "என்னங்க, இங்கேயே நின்னுட்டீங்க" என்றாள். அதற்குள் வாசனை அவளுக்கும் எட்டிவிட்டது. இரண்டு பேரும் அந்தச் சந்தில், பட்டும் ஜரிகையுமாக, ஈரக் கோணியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றோம். உள்ளே கெட்டிமேளம் கொட்டியதும்தான் எதற்கு வந்தோம் என்ற நினைவு வந்தது.

அந்த வாசனை எங்களுக்குப் பழக்கமான வருஷம் உலகச் சண்டை ஓய்ந்திருந்தது, ரேஷன் ஓயவில்லை. குண்டு விழும் என்று ஊரைவிட்டு ஓடியவர்களெல்லாம் திரும்பி வந்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த கறுப்புக் காகிதத்தைச் சுரண்டி முடித்துவிட்டார்கள். நாங்கள் புதிதாகக் கல்யாணமானவர்கள். சாந்தோமில், கோயில் மணி அடித்தால் அலமாரியில் பீங்கான் கோப்பைகள் கிணுகிணுக்கும் தூரத்தில், இரண்டு அறை வீடு. கடற்காற்று வந்து கதவைத் தானே திறந்து தானே சாத்தும். அவள் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் மவுண்ட் ரோட்டில் ஓர் அச்சுக்கூடத்தில் புரூஃப் திருத்துகிறவன். அதற்கு முன்பு வேறொரு வேலை, அதற்கும் முன்பு இன்னொன்று. ஓரிடத்தில் உட்கார என் உடம்புக்குத் தெரியாது. கவிதை எழுதும்போதும் நடந்துகொண்டே எழுதி, சுவரில் காகிதத்தை வைத்துக் கிறுக்குவேன். "உங்க நாற்காலிக்கடியில யாரோ சதா அடுப்பு மூட்டிக்கிட்டே இருக்காங்க" என்பாள் அவள்.

அவள் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து, முகம் கழுவி, விளக்கடியில் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு மனோதத்துவம் படிப்பாள். ஒரு பேராசிரியரின் கீழ் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மனிதர்கள் வலியை எப்படி உணர்கிறார்கள், உணர்ந்ததை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறார்கள், பட்ட வலியும் நினைவிலிருக்கும் வலியும் ஒன்றுதானா. கட்டுரை ஏற்கப்பட்டால் பட்டம். பட்டம் கிடைத்தால் ஒரு கல்லூரியில் அவளை எடுத்துக்கொள்வதாக வாய்ச்சொல் இருந்தது. கிடைக்காவிட்டால் மூன்றாம் ஃபாரத்துப் பெண்களுக்கு ஆயுள் முழுவதும் ஆறுகளும் தலைநகரங்களும் ஒப்பிக்கச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பேராசிரியர் அந்தக் கோடையோடு ஓய்வு பெறுகிறார். அவர் இடத்துக்கு வரப்போகிறவருக்கு இந்த மாதிரி ஆராய்ச்சியில் நம்பிக்கையே கிடையாது என்று பேச்சு. கோடைக்குள் முடித்தாக வேண்டும். அவளுடைய ஆசை முழுவதும் அந்த ஒரு கோடைக்குள் அடைபட்டிருந்தது.

"ஆறுகளைவிட வலி உனக்கு அவ்வளவு பிடிச்சுப் போச்சா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆறு எங்கேயும் ஓடிப்போயிடாதுங்க. நாளைக்கும் புத்தகத்துல இருக்கும். இது ஆளுக்கு ஆள் கரைஞ்சிக்கிட்டே இருக்கு."

அவளுடைய சோதனைகளுக்கு வாய்த்த முதல் உடம்பு என்னுடையது. சாயங்காலங்களில் என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி, பள்ளிக்கூடத்துக் கவராயத்தின் இரண்டு முனைகளையும் முதுகில் மெல்ல வைப்பாள்.

"ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு."

"இப்ப?"

"அதுவும் ஒண்ணுதான்."

நாலு விரல்கடை அகலத்துக்கு விரித்து வைத்திருப்பாள். முதுகுக்கு அது தெரியாது. இரண்டு முனையையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்ளும். விரல் நுனியில் வைத்தாலோ, அரிசி அகல இடைவெளியைக்கூட விரல் கண்டுபிடித்துவிடும். ஒரே மனிதனின் ஒரே தோல், ஓரிடத்தில் புலவனாகவும் ஓரிடத்தில் மந்தனாகவும் இருக்கிறதே என்று எனக்குள் என்னென்னவோ கிளம்பும். "நம்ம முதலாளிக்கு உடம்பெல்லாம் முதுகு" என்று அச்சுக்கூடத்து முதலாளியைப் பற்றி ஒரு வரி சொல்வேன். "அசையாம படுங்க, கவிதை அப்புறம்" என்று கவராயத்தை ஓர் அழுத்து அழுத்துவாள். அந்த நாட்களில் எங்களுக்குள் நடந்த பேச்சில் பாதி, ஒண்ணா ரெண்டா என்பதுதான். சந்தோஷமான பேச்சு.

வலிக்கு அவள் எடுத்துக்கொண்டது ஐஸ் தண்ணீர். யாருக்கும் காயம் வராது, தழும்பு வராது. ஒரு பேசின் நிறையத் தண்ணீரில் ஐஸைப் போட்டு, மணிக்கட்டு வரை கையை விடச் சொல்வாள். வலி தொடங்கும்போது, "வலிக்கிறது" என்று சொல்ல வேண்டும். இனிமேல் தாங்காது என்றால், "போதும்" என்று சொல்ல வேண்டும். கல்லூரியிலிருந்து இரவல் வாங்கிய, பித்தானை அழுத்தினால் நிற்கும் கடிகாரம் அவள் கையில். பிறகு ஓர் அட்டையை நீட்டுவாள். ஒரு முனையில் வெள்ளை, சாம்பல் சாம்பலாக இருண்டு மறுமுனையில் கறுப்பு. பட்ட வலி எந்த நிறம் என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். ஒரு மாதம் கழித்துத் தேடிப்போய், அன்றைய வலியை நினைத்து மறுபடி விரல் வைக்கச் சொல்வாள். இரண்டு விரலுக்கும் இடையில் உள்ள தூரம்தான் அவள் ஆராய்ச்சி.

முதலில் என்னை உட்கார்த்தினாள். ஒரு ஜெபம் சொல்லி முடிக்கும் நேரம்கூட நான் தாங்கவில்லை. கையை உதறிக்கொண்டு எழுந்து அறையை இரண்டு சுற்றுச் சுற்றினேன். ஒரு மாதம் கழித்து அட்டையை நீட்டியபோது, இளஞ்சாம்பலில் விரலை வைத்து, "அப்படியொண்ணும் பெரிசா இல்லை. நான்தான் ரொம்ப நேரம் வெச்சிருந்தேனே" என்றேன். அவள் கடிகாரக் கணக்கைக் காட்டினாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கடிகாரம் பழுது என்றேன். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லலையே. உங்களுக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கு. அதுக்குத்தானே இத்தனை பாடு" என்றாள்.

என் ஒருவனை வைத்துக்கொண்டு பட்டம் வாங்க முடியுமா? பெண்கள் வேண்டும், வீட்டில் இருக்கிறவர்கள், வெவ்வேறு வயதில். அதற்குத்தான் மாமி வந்தாள்.

மாமியின் மகள் என் மனைவியிடம் படித்த பெண். மாமிக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கலாம். எதைச் சொன்னாலும் தானே முதலில் சிரித்துவிடும் சுபாவம். சிரிக்கும்போது மூக்குத்தியும் சேர்ந்து சிரிக்கும். புருஷருக்கு சர்க்கார் கணக்கு ஆபீஸில் உத்தியோகம். மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் வீடு. மத்தியானங்களில் அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் அவள் கூடத்தில்தான், சீட்டுக்கட்டும் வம்பும். என் மனைவி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும் மாமி ஒரே கேள்விதான் கேட்டாள். "கையை விட்டா பட்டம் குடுக்கறாளா? யாருக்கு, எங்களுக்கா உனக்கா?"

"எனக்குத்தான், மாமி."

"போனாப் போறது. ஞாயித்துக்கிழமை வா. அழைச்சுண்டு வரது என் பொறுப்பு."

ஐஸ் கொண்டுவருவது என் பொறுப்பு. ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் அவள் மயிலாப்பூருக்கு நடப்பாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ராயப்பேட்டைப் பக்கம் ஓர் ஐஸ் ஆலைக்குப் போவேன். அங்கே கட்டி அறுக்கிறவன் மரத்தூளைப் பரப்பி, கோணியில் சுற்றிக் கட்டி, பின்சீட்டில் வைத்து இறுக்குவான். எனக்கோ அந்த வெண்புகையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"இன்னா நைனா, அது பாட்டுக்குக் கரைஞ்சிகினே கீது, நீ பாட்டுக்கு நின்னுகினே கீற. மீன் எந்த ஊருக்குப் போவுது?"

"மீன் இல்லப்பா. பொம்பளைங்க கை விடறதுக்கு."

கொஞ்ச நேரம் என்னை உற்றுப் பார்த்தான். "வூட்ல சண்டையா?" என்றான்.

வழியில் இரண்டு இடத்தில் நின்றுவிட்டுத்தான் போய்ச் சேருவேன். கட்டி புறப்பட்டபோது இருந்த அளவில் போய்ச் சேர்ந்ததே இல்லை.

முதல் ஞாயிறு, ஐஸ் வந்து இறங்கியதும் கூடத்தில் ஒரு வழக்குக் கிளம்பியது. இந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது, யார் தொட்டது, குளித்து மடியாக இருக்கிறவர்கள் இதில் கை வைக்கலாமா? மாமியின் ஓரகத்தி, ஒல்லியாக, குரல் மட்டும் கனமாக இருப்பவள், எட்டி நின்று, "நான் ஸ்நானம் பண்ணிட்டேன். எனக்கு வேண்டாம்" என்றாள்.

"இமயமலையில இருக்கறதும் இதேதான். அதுலேர்ந்து வர கங்கை மட்டும் மடியோ?" என்றாள் மாமி.

"கங்கையை இவர் சைக்கிள்ல கட்டிண்டு வரலையே."

கூடம் சிரித்தது, நானும் சிரித்தேன். கடைசியில் மாமியே தீர்ப்புச் சொன்னாள். எல்லோரும் குளிப்பதற்கு முன்பு வர வேண்டியது. கையை விட்டு ஆனதும் அவரவர் வீட்டுக்குப் போய்க் குளித்துக்கொள்ள வேண்டியது. அப்படியாக, வலியைப் பற்றிய அந்த ஆராய்ச்சி முழுவதும் அழுக்குப் புடவைகளோடும் அவிழ்ந்த கொண்டைகளோடும் எண்ணெய் வழியும் நெற்றிகளோடும் நடந்தது.

பேராசிரியரின் விதி, ஒவ்வொருவரையும் தனியாக, மூடிய அறையில், பேச்சில்லாமல் சோதிக்க வேண்டும் என்பது. கூடத்தை ஒட்டியிருந்த சின்ன அறையை மாமி ஒழித்துக் கொடுத்தாள். ஆண்பிள்ளை என்பதால் நான் வாசல் பக்கம். உள்ளேயிருந்து வரும் குரல்கள் மட்டும் எனக்கு. அட்டையைப் பார்த்து ஒருத்தி, "இதென்னடி, புடவைக் கடைக்காரன் காட்டற சாம்பிள் மாதிரி இருக்கு. கரை போட்டது கிடையாதா?" என்கிறாள். இன்னொருத்தி, "பிரசவ வலியெல்லாம் மறந்தே போயிடும்மா, இல்லேன்னா ரெண்டாவது பிறக்குமா?" என்று ஆரம்பித்து, தன் முதல் பிரசவத்தை, விளக்கில் எண்ணெய் எவ்வளவு இருந்தது என்பது முதற்கொண்டு, முழுவதுமாகச் சொல்கிறாள். மறந்துபோனதைச் சொல்லி முடிக்க அரைமணி ஆகிறது.

மாசி, பங்குனி என்று போயிற்று. முதல் சுற்று முடிந்தது. கணக்குப் போட உட்கார்ந்த அன்று அவள் முகம் சரியில்லை. ஏறக்குறைய எல்லாப் பெண்களும், "வலிக்கிறது" என்று சொல்வதற்கு முன்பே "போதும்" என்று சொல்லியிருந்தார்கள். கையை விட்டதும் விடாததுமாகப் போதும். வலிக்கிறது என்பது அதற்கப்புறம். பலர் சொல்லவே இல்லை. அவளும் பார்த்திருக்கிறாள்: போதும் என்ற நொடியில் கடிகாரத்தை நிறுத்திக் குனிந்து எழுதுவாள், நிமிர்ந்தால் கை இன்னும் தண்ணீரிலேயே இருக்கும், அந்த அம்மாள் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மரத்துப்போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டு, "எடுத்துடுங்க" என்பாள்.

பேராசிரியர் தாள்களைப் புரட்டிவிட்டு, "முதலில் பொறுக்க முடியாமல் போய், பிற்பாடுதான் வலிக்கவே ஆரம்பிக்கிறதா, உங்கள் மயிலாப்பூரில்?" என்று கேட்டாராம். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்டார் என்று சொல்லிவிட்டு, அன்று அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். நான் அவள் முதுகில் கவராயத்தை வைத்து, ஒண்ணா ரெண்டா என்றேன். "தெரியலை" என்றாள் சுவரைப் பார்த்தபடி.

அடுத்த ஞாயிறு மாமியிடம் சொல்லிக்கொள்ளப் போனோம். இனி ஐஸ் வேண்டாம், சிரமம் கொடுத்தோம், என்று சொல்லிவிட்டு வந்துவிட எண்ணம். மாமி விடவில்லை. அன்று தேங்காய்ச் சேவை பிழிந்திருந்தாள். கூடத்தில் எங்களை உட்கார்த்தி, இலை போட்டுப் பரிமாறினாள். எனக்கு நல்ல பசி. முதல் கரண்டி விழுந்ததும், "போதும் மாமி, போதும்" என்று கையைக் குறுக்கே நீட்டினேன். மாமி என் கையைச் சுற்றிக்கொண்டு போய் இன்னொரு கரண்டி போட்டாள். "ஐயோ, போதும்" என்றேன். இன்னொன்று விழுந்தது. சந்தோஷமாகச் சாப்பிட ஆரம்பித்தேன்.

என் மனைவியின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் அப்படியே நின்றுவிட்டது. என் இலையைப் பார்த்தாள், மாமியின் கரண்டியைப் பார்த்தாள்.

"மாமி," என்றாள் மெதுவாக, "உங்க ஓரகத்தி அன்னிக்கு ஐஸ் தண்ணியில கையை விட்டதும் போதும்னாங்களே. அப்ப அவங்களுக்கு நெசமாவே போதுமா?"

"அதெப்படிடி? உக்காந்த உடனே போதும்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? ஆத்துக்கு வந்து, உன் ஐஸை முழுக்க நானே எடுத்துக்கறேன்னா உக்காருவா? நாகரிகமா ஒரு தரம் சொல்றது. நீ, இருக்கட்டும், இன்னும் செத்த நாழி வெச்சுக்கோங்கோன்னு சொல்லுவேன்னு பார்த்துண்டே இருக்கா. நீயானா கடிகாரத்தை டக்குனு நிறுத்திட்டுக் குனிஞ்சுண்டுடறே." மாமி கரண்டியை ஆட்டிக்கொண்டே சொன்னாள். "வெளியில வந்து என்ன சொன்னா தெரியுமோ? டீச்சரம்மா படிச்ச பொண்ணுதான், ஆனா ஒருத்தரை உபசாரம் பண்ணத் தெரியலைன்னா. எல்லாருமே அதைத்தான் சொன்னா. நான்தான் உன் மனசு நோகப்போறதுன்னு சொல்லலை."

என் மனைவி இலை முன்னால் உட்கார்ந்தபடி சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் ஓசையில்லாமல், அப்புறம் தோள் குலுங்க. மாமிக்கு என்ன புரிந்ததோ, அவளும் சேர்ந்துகொண்டாள். எனக்கு இன்னும் ஒரு கரண்டி விழுந்தது.

அந்தச் சிரிப்பு சாந்தோம் வரை வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டது. முதல் சுற்று முழுவதும் பாழ். கோடை தலைக்கு மேல். கடிகாரம் காட்டிய நேரமெல்லாம் வலியின் நேரம் இல்லை, மரியாதையின் நேரம். "இதை அவர்கிட்ட சொல்லியாகணும்" என்றாள். சொன்னால் இத்தனை மாதமும் போச்சு என்று சொல்லிவிடுவாரே என்றேன். "போச்சுன்னா போச்சுங்க. உபசாரத்தை வலின்னு எழுதி நான் பட்டம் வாங்கினா, அப்புறம் பொண்ணுங்களுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கறது?"

பேராசிரியர் முழுவதையும் கேட்டுக்கொண்டாராம். நேரில் பார்க்க வேண்டும் என்றார். அடுத்த ஞாயிறே, கழுத்து வரை பித்தான் போட்ட கோட்டும் தலைப்பாகையுமாக ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். நெட்டையான, குனிந்து பேசுகிற மனிதர். மாமி வீட்டில் பேராசிரியர் வருகிறார் என்று கோலம் பெரிதாகப் போட்டிருந்தார்கள். யாரைச் சோதிப்பது என்று பேச்சு வந்தபோது அவரே கோட்டுக் கையை மடித்துக்கொண்டு பேசின் முன்னால் உட்கார்ந்தார். மாமி கதவோரம் நின்றாள். நான் ஐஸை உடைத்துப் போட்டேன். அவர் கையை விட்டார். விட்டு, மூச்சை ஒருமுறை இழுத்து, சுற்றியிருந்தவர்களைப் பார்த்து மரியாதையாகப் புன்னகைத்து, "போதும்" என்றார்.

கை தண்ணீரிலேயே இருந்தது.

என் மனைவி கடிகாரத்தை நிறுத்தவில்லை. மாமி கதவுக்குப் பின்னாலிருந்து, "இருக்கட்டும், இன்னும் செத்த நாழி" என்றாள், பாயசம் ஊற்றுகிற குரலில். பேராசிரியர் தலையசைத்து இன்னும் கொஞ்சம் ஆழமாகக் கையை விட்டார். அப்புறம்தான் தானும் அதையே செய்தது அவருக்கு உறைத்து, முகத்தில் சிவப்பு ஏறியது. முதலில் காதில், பிறகு கன்னத்தில். தண்ணீருக்குள் இருக்கிற தன் கையையே குனிந்து பார்த்தார். என் வாழ்நாளில் ஒரு படித்த மனிதர் அவ்வளவு ஆனந்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. கையை எடுக்க மறந்து சிரித்தார்.

"இத்தனை வருஷம் இதைத்தான் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறேன்," என்றார், துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு. "வாய் வேறு, உடம்பு வேறு என்று. முதல் சுற்றைத் தூக்கிப் போடாதீர்கள் அம்மா. அதை அப்படியே முதல் அத்தியாயமாக எழுதுங்கள். மறுபடி சோதனை செய்யுங்கள். இந்தத் தடவை யாரும் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். தாங்காவிட்டால் கையை எடுக்கட்டும், அவ்வளவுதான். ஆனால் ஒன்று. மாதம் கழித்துக் கேட்கிற கேள்வியில் ஒருவர்கூட விடுபடக் கூடாது. ஓர் ஆள் குறைந்தாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மறுபடி ஐஸ், மறுபடி மரத்தூள். ஆலைக்காரன், "இன்னும் சமாதானம் ஆவலியா நைனா?" என்று கேட்டுவிட்டுக் கட்டியைக் கொஞ்சம் பெரிதாகவே அறுத்துக் கொடுத்தான். இந்தச் சுற்றில் என் மனைவி ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவாள்: "கையை எடுத்தா நான் தப்பா நினைக்க மாட்டேன். எடுத்தாத்தான் எனக்கு உபகாரம்." பேராசிரியரைக் கேட்டுக்கொண்டு, பாதிப் பேரைத் தனியாகவும், பாதிப் பேரை மாமி பக்கத்தில் உட்கார்ந்து வம்பு பேசிக்கொண்டிருக்கும்போதும் சோதித்தாள். வம்பு சுவாரசியமாக இருந்தால் கை தண்ணீரிலேயே கிடந்தது. எதிர்வீட்டு நிச்சயதார்த்தம் கலைந்த கதை நடந்த அன்று, ஓரகத்தி கையை எடுக்கவே இல்லை. ஒரு மாதம் கழித்துக் கேட்டால், தனியாக உட்கார்ந்தவர்கள் கறுப்புப் பக்கம் விரலை நகர்த்தினார்கள். கதை கேட்டவர்கள் வெள்ளைப் பக்கம். "வலியா? அன்னிக்குக் காப்பியில வெல்லத்தைப் போட்டுக் குடுத்தாளே, அதான் ஞாபகம் இருக்கு" என்றாள் ஒருத்தி. என் மனைவி வீட்டுக்கு வந்து அட்டையை மேஜைமேல் போட்டுவிட்டு, சைக்கிளில் வந்தவள்போல மூச்சு வாங்க, "வருதுங்க, வருது" என்றாள். அந்தச் சித்திரையிலும் வைகாசியிலும் அவளும் என்னைப்போல நடந்துகொண்டே இருந்தாள். சின்ன வீடு, இரண்டு பேரும் மோதிக்கொண்டோம்.

எல்லோருக்கும் கதை சொல்லிக்கொண்டிருந்ததில் மாமியின் முறை கடைசியாகத் தள்ளிப்போயிற்று. அவளைச் சோதித்த காலையில்தான் அவள் புருஷருக்கு உத்தரவு வந்திருந்தது, டில்லிக்கு மாற்றல். எங்களுக்கு அது தெரியாது. தனியாக உட்கார வேண்டிய முறை அவளுடையது. அறைக்குள் பேச்சே இல்லை. வெளியே நான் மரத்தூளைக் காலால் கூட்டிக்கொண்டிருந்தேன். நேரமாயிற்று, மேலும் நேரமாயிற்று. அப்புறம் என் மனைவியின் குரல். "மாமி, எடுங்க. மாமி." அவள் விதியை மீறி, தானே மாமியின் கையைப் பிடித்து வெளியே எடுத்துத் தன் முந்தானையில் சுற்றிக்கொண்டாளாம். மாமி அப்போது அட்டையில் நடுச் சாம்பலைத்தான் காட்டினாள். பிறகுதான் டில்லி விஷயத்தைச் சொன்னாள், வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோல.

மாமிக்கு மாதம் நிறைகிற நாளும் அவர்கள் ரயில் ஏறுகிற நாளும் ஒன்றாக வந்தன. முன்னால் கேட்டால் கணக்கில் சேராது. சென்ட்ரல் ஸ்டேஷனில், டில்லி வண்டியின் பக்கத்தில், மாமி டிரங்குப் பெட்டிகளுக்கும் முறுக்கு டின்களுக்கும் கூஜாவுக்கும் நடுவில் நின்று எல்லோருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். தெருவே வழியனுப்ப வந்திருந்தது. ஓரகத்தி அழுதாள்.

"அழாதேடி. அங்கே போய் நானும் ஆராய்ச்சி பண்ணப்போறேன். குளிர்காலத்துல குழாயைத் திறந்தாலே ஐஸாமே, சைக்கிள் செலவு மிச்சம்" என்றாள் மாமி. என்னைப் பார்த்து, "உம்மைத்தான் சொல்றேன். இனிமே பாதி வழியில நிக்காம ஒரு உத்தியோகத்துல நில்லும்" என்றாள். நான் சரி என்றேன். அந்த அச்சுக்கூடத்தில் பிறகு பல வருஷம் இருந்தேன் என்பது உண்மை. நாற்காலியில் அல்ல, எழுத்துக் கோக்கிறவர்கள் பக்கத்தில், நின்றுகொண்டே.

என் மனைவி கூட்டத்தில் நுழைய முடியாமல், பையை மார்போடு பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தாள். அந்த இடத்தில் வலியைப் பற்றிக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு பதில் இல்லாமல் கையெழுத்து இல்லை. நான் அவளை முழங்கையால் இடித்தேன். அவள் அசையவில்லை. கார்டு பச்சைக் கொடியை எடுத்துவிட்டார். மாமி ஏறி, ஜன்னலருகில் உட்கார்ந்து, கூட்டத்துக்கு மேலாகக் கண்ணை ஓட்டி இவளைப் பிடித்தாள்.

"என்ன அங்கேயே நிக்கறே? இன்னிக்கு என் முறைதானே? கொண்டா அட்டையை."

என் மனைவி ஓடிப்போய் ஜன்னலில் அட்டையை நீட்டினாள். "அன்னிக்கு வலி எவ்வளவு இருந்திச்சு, மாமி?"

மாமி சிரிக்கவில்லை. ஒரு தையற்காரி துணி பார்ப்பதுபோல அட்டையைப் பார்த்தாள். அவள் விரல் நடுச் சாம்பலைத் தாண்டி, இன்னும் தாண்டி, ஏறக்குறையக் கறுப்பில் போய் நின்றது. அந்த விரலோடு கணக்கு நிறைந்தது. கட்டுரை கையெழுத்தாகிப் போயிற்று, பட்டம் வந்தது, கல்லூரி அவளை எடுத்துக்கொண்டது. இன்றுவரை காலையில் குடையை எடுத்துக்கொண்டு அடையாற்றுக்கு பஸ் ஏறுகிறாள். அன்று அதெல்லாம் எதுவும் தெரியாது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. இவள் அட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள், நடை ஓட்டமாயிற்று. மாமி ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி இவள் கன்னத்தை ஒருமுறை தொட்டாள்.

"நன்னா வலிச்சுதுன்னு எழுதிக்கோ," என்றாள். "இப்பவும் வலிக்கறதுன்னு மட்டும் எழுதிடாதே, உங்க வாத்தியார் ஒத்துக்க மாட்டார்."